டிதர் பைத்தியம்

2009 அக்டோபரில் டிக் செனி ஒபாமாவைத் திட்டினார். ஆப்கானிஸ்தானுக்குக் கூடுதல் படை அனுப்புவதா வேண்டாமா என்று வெள்ளை மாளிகை யோசித்துக்கொண்டே இருந்த நேரம் அது. ‘டிதர்’ பண்ணுவதை நிறுத்துங்கள் என்றார் முன்னாள் துணை அதிபர். ஆங்கில அரசியலில் இது நல்ல காரமான வசை. ஒரு தலைவரை முட்டாள் என்றால்கூடப் பொறுத்துக்கொள்வார். டிதர் செய்கிறவர் என்றால் சுருக்கென்று தைக்கும். முடிவெடுக்கத் துப்பில்லாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருப்பவர் என்று பொருள்.

எனக்கோ அந்தச் சொல்லைக் கேட்டாலே மனம் துள்ளும். வீட்டில் இதைப் பைத்தியம் என்கிறார்கள். ஆமாம், பைத்தியம்தான். ஆங்கில அகராதியில் இதைவிட அழகான வாழ்க்கை வரலாறு உள்ள சொல்லை யாராவது காட்டினால் மாறிக்கொள்ளத் தயார். இதுவரை யாரும் காட்டவில்லை.

முதலில் பிறப்பு வளர்ப்பு. டிதர் என்றால் நடுங்குவது. இந்த வடிவத்தில் 17ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து எழுத்தில் கிடைக்கிறது. அதற்கு மூத்தது ‘டிடரென்’. 14ஆம் நூற்றாண்டின் கடைசி, சாசர் காலத்து ஆங்கிலம். அப்போதும் நடுங்குவதுதான் பொருள்: குளிரில் வெடவெடப்பது, பயத்தில் உதறுவது. இங்கிலாந்தின் வட வட்டாரங்களில் ‘டிடர்’ என்ற பழைய உச்சரிப்பு வெகுகாலம் உயிரோடு இருந்தது. அதற்கும் முன்னால் வேர் எங்கே என்று கேட்டால் அகராதிக்காரர்கள் கையை விரித்துவிடுகிறார்கள். நாக்கு தானாகத் தட்டித் தட்டிச் சொல்லிப் பார்த்த சொல்லாக இருக்கும் என்பது என் ஊகம். நம் வெடவெட, கிடுகிடு, படபட எல்லாவற்றுக்கும் அகராதியிலா வேர் இருக்கிறது? பல்லும் முழங்காலும்தான் வேர்.

நடுவில் ‘ட’ எப்படி ‘த’ ஆயிற்று என்பது தனி விருந்து. பழைய ஆங்கிலேயர் அப்பாவை ‘ஃபாடெர்’ என்றார்கள், அம்மாவை ‘மோடெர்’ என்றார்கள், வானிலையை ‘வெடெர்’ என்றார்கள். இடைக்காலம் முடியும் தறுவாயில் இந்த ‘டெர்’ எல்லாம் வரிசையாக ‘தர்’ என்று இளகின. ஃபாதர், மதர், வெதர் வந்த அதே வண்டியில் ஏறித்தான் டிடர் டிதராக வந்து இறங்கியது. ஒரு மொழியின் நாக்கு ஒரே பக்கம் சாயும்போது அப்பாவும் அம்மாவும் நடுக்கமும் ஒன்றாகச் சாய்வதை நினைத்துப் பாருங்கள்! முதன்முதலில் இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதற்கு ஒரு கிழட்டு உறவும் உண்டு: ‘டாடர்’. வயதானவர் தலையும் கையும் ஆட, தட்டுத்தடுமாறி நடப்பது. பிரிட்டனின் புல்வெளிகளில் காற்று இல்லாத வேளையிலும் நடுங்கும் ஒரு புல் இருக்கிறது. தாவரவியலில் பிரைசா மீடியா. முடிக்கனத்துக் காம்பின் நுனியில் குட்டிக் குட்டி இதயங்களாகக் கதிர் தொங்கும், மூச்சு பட்டால் போதும், ஆடும். வட இங்கிலாந்தில் அதற்கு ‘டாடரிங் டில்லிஸ்’ என்று பெயர். அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், வாயே ஆடும்.

(தமிழில் ‘விதிர்’ என்றாலும் நடுங்குதல்தான். விதிர், டிதர். காதுக்கு ஒட்டிப் பிறந்த இரட்டையர். ஆனால் உறவு எதுவும் கிடையாது, வெறும் தற்செயல். ‘தமிழிலிருந்துதான் போனது’ என்று கிளம்பும் அன்பர்களுக்காக இதை அடைப்புக்குறிக்குள் சொல்லி வைக்கிறேன்.)

பிறகு உடம்பின் நடுக்கம் மெல்ல மனசுக்கு ஏறியது. 19ஆம் நூற்றாண்டில் பதற்றம் என்ற சாயல் வந்தது, 20ஆம் நூற்றாண்டில் முடிவெடுக்கத் திணறுவது என்ற பொருள் நிலைத்தது. குளிரில் நடுங்கிய ஏழைச் சொல், கோழைகளைத் திட்டும் சொல்லாயிற்று. சாதாரணச் சொல்லாக இருந்திருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும்.

ஆனால் அதைப் பொறியாளர்கள் கண்டெடுத்தார்கள்!

ஒலிப்பதிவுப் பாடநூல்களில் ஒரு கதை சொல்வார்கள். கென் போல்மனின் புகழ்பெற்ற நூலிலும் அது இருக்கிறது. இரண்டாம் உலகப் போர். குண்டுவீச்சு விமானங்களில் பாதையையும் குண்டு விழும் தடத்தையும் கணக்கிட ஒரு பெட்டி. உள்ளே மின்னணு எதுவும் கிடையாது. நூற்றுக்கணக்கான பற்சக்கரங்கள் மட்டும். தரையில் வைத்துச் சோதித்தால் கணக்கு கொஞ்சம் பிசகும். அதே பெட்டி வானத்தில், என்ஜின் உறுமலில், உடம்பெல்லாம் அதிரும்போது துல்லியமாகக் கணக்குப் போடும். நேர்மாறாக அல்லவா இருக்கவேண்டும்? காரணம் எளிது. சக்கரங்களுக்கு நடுவே ஒட்டும் உராய்வு இருக்கிறது. சிறு விசை வந்தால் சக்கரம் நகராமல் அப்படியே நிற்கும், விசை சேர்ந்ததும் வெடுக்கென்று ஒரு பல் தாண்டும். விமானத்தின் அதிர்வு அந்த ஒட்டுதலைத் தளர்த்திக்கொண்டே இருந்ததால் சக்கரங்கள் வழுக்கிக்கொண்டு ஓடின. விஷயம் புரிந்ததும் பொறியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பெட்டிக்குள்ளேயே சின்னச் சின்ன அதிர்வு மோட்டார்களை வைத்துவிட்டார்கள். வேண்டுமென்றே நடுங்கவைத்தார்கள். அந்த நடுக்கத்துக்குப் பெயர் டிதர்.

நம் ஊர்ப் பழைய மளிகைக் கடைக்காரர் தராசு முள்ளைச் சுண்டுவிரலால் தட்டிவிட்டுத்தான் எடை பார்ப்பார். அதேதான் இது. முள் ஒட்டிக்கொண்டிருந்தால் பொய் சொல்லும். தட்டினால் உண்மை சொல்லும்.

நான் இந்தச் சொல்லிடம் சரணடைந்தது வடபழனிப் பக்கம் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில். அங்கே மாஸ்டரிங் செய்யும் தம்பி, வேலை முடியும் தறுவாயில் யாரிடமாவது ‘டிதர் போட்டாச்சா?’ என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நான் அது ஏதோ பூச்சு வேலை என்று கேட்டும் கேட்காமலும் இருந்தேன். ஒருநாள், “அண்ணே, வாங்க, கண்ணை மூடிக்கிட்டு இதைக் கேளுங்க” என்று ஹெட்ஃபோனை மாட்டிவிட்டார்.

ஒரு வீணைத் தந்தி. ஒரே மீட்டல். அது ஓய்ந்து அடங்கும் வரைக்கும் விட்டிருந்தார். வித்தியாசம் நன்றாகத் தெரியவேண்டும் என்பதற்காக அதை 8 பிட்டுக்குக் குறைத்திருந்தார். அதாவது ஒலியின் ஏற்ற இறக்கத்தை அளக்க மொத்தம் 256 படிகள்தான். சிடியில் 16 பிட், 65,536 படிகள். முதல் வடிவம் டிதர் இல்லாதது. மீட்டியபோது நன்றாகத்தான் இருந்தது. ஒலி இறங்க இறங்க, நாதத்தின் ஓரத்தில் ஒரு கரகரப்பு ஒட்டிக்கொண்டது. இன்னும் இறங்கியதும் அது வீணையாகவே இல்லை. டப்பாவுக்குள் மாட்டிய வண்டு. பிறகு பொட்டென்று ஒன்றுமில்லை. கத்தரிக்கோலால் வெட்டின மாதிரிகூட இல்லை, அவ்வளவு அசிங்கமான முடிவு.

இரண்டாவது வடிவம். பின்னணியில் ‘ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல், பழைய கேசட்டில் கேட்போமே அது. முகம் சுளித்தேன். வீணை ஒலித்தது. இறங்கியது. கரகரப்பு இல்லை. இன்னும் இறங்கியது. இரைச்சலின் மட்டத்துக்கு வந்தது. சரி, இதோடு முழுகிவிடும் என்று நினைத்தேன். முழுகவில்லை! இரைச்சலுக்கும் கீழே போயும் தந்தி பாடிக்கொண்டிருந்தது. கடைசிப் படியைவிடச் சின்னதாகிவிட்ட நாதம், அந்தப் படிக்கட்டில் இருக்க இடமே இல்லாத நாதம், சுருதி பிசகாமல் என் காதுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது. சேர்த்தது வெறும் இரைச்சல், கிடைத்தது கூடுதல் சங்கீதம். இன்னொருமுறை போடச் சொன்னேன். பிறகு இன்னொருமுறை. தம்பி டீ வாங்கிவரப் போய்விட்டார்.

எப்படி? எனக்குக் கணக்கு வராது, இருந்தாலும் இது புரிந்தது. ஒலியின் ஒரு கணம் 0.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவியிடம் 0 அல்லது 1 என்ற படிகள்தான் உண்டு. அது 0.3ஐ 0 என்றுதான் எழுதும். ஆயிரம் தடவை கேட்டாலும் 0 என்றே எழுதும். பிடிவாதமான பொய். இப்போது அளப்பதற்கு முன்னால் அந்த 0.3ஐக் குருட்டாம்போக்கில் ஒரு படி அகலத்துக்கு மேலும் கீழும் ஆட்டிவிடுங்கள். சில தடவை 0 என்று எழுதும், சில தடவை 1 என்று எழுதும். ஆயிரம் தடவையில் சுமார் 300 தடவை 1 விழும். சராசரி எடுத்தால்? 0.3! தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு விடையும் தப்பு. கூட்டமாகப் பார்த்தால் சரி. நம் காது இயற்கையாகவே சராசரி எடுக்கிற உறுப்பு என்பதால் இரைச்சலுக்கு அடியில் இருக்கும் சுருதியைத் தோண்டி எடுத்துக்கொள்கிறது.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது, விட மனமில்லை. ஆட்டுவது எப்படி ஆட்டவேண்டும்? ஒரு பகடையை உருட்டினால் 1 முதல் 6 வரை எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு. அப்படி ஆட்டினால் கரகரப்பு போய்விடும்; ஆனால் இசை ஏறி இறங்கும்போது இரைச்சலும் கூடவே ஏறி இறங்கும், மூச்சு வாங்கும். இரண்டு பகடைகளை உருட்டிக் கூட்டினால் 7 அடிக்கடி வரும், 2ம் 12ம் அரிது, வரைந்தால் முக்கோணம். அப்படி ஆட்டினால் இசை என்ன செய்தாலும் இரைச்சல் அசையாமல் ஒரே மட்டத்தில் நிற்கும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி லிப்ஷிட்ஸும் ஜான் வாண்டர்கூயும் 1980களில் இதைச் சந்தேகத்துக்கிடமின்றி நிறுவினார்கள். கடைசிப் படிக்கும் கீழே உள்ள ஒலியைப் பற்றி 1984இல் அவர்கள் எழுதிய கட்டுரையை ஒலிக்காரர்கள் இன்றும் பக்தியோடு பேசுகிறார்கள். இதற்குக் கொடுக்கும் விலை இரைச்சலில் 5 டெசிபலுக்கும் கொஞ்சம் குறைவு. சொர்க்கத்துக்கு இவ்வளவுதானா நுழைவுக் கட்டணம்?

70களின் பாடல்களை நாடாவிலிருந்து சிடிக்கு மாற்றும்போது இந்தத் தலைவலி பெரும்பாலும் இருக்காது. நாடாவின் சொந்த இரைச்சலே தேவைக்கு மேல் டிதர் செய்துவிடும். ‘பழைய பாட்டில் ஒரு இளஞ்சூடு இருக்கிறது சார்’ என்று உருகுகிறவர்களுக்கு நான் இதைச் சொல்லத் தொடங்கினால் நாற்காலியை நகர்த்திக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள்.

காதுக்கு மட்டும்தானா? இந்த நடுக்கத்தைப் படத்துக்குள் முதலில் கொண்டுவந்தவர்களில் ஒருவர் லாரன்ஸ் ராபர்ட்ஸ். பின்னாளில் இணையத்தின் தாயான ஆர்பாநெட்டைக் கட்டியெழுப்பிய அதே ராபர்ட்ஸ். 1961இல் எம்ஐடியில் மாணவராக இருந்தபோது தொலைக்காட்சிப் படத்தைக் குறைந்த பிட்டுகளில் அனுப்புவது எப்படி என்று ஆய்வேடு எழுதினார். குறைந்த படிகளில் அனுப்பினால் முகத்தில் வரைபடக் கோடுகள் விழும். கன்னம் நில அளவைத் துறை வரைந்த மலையாகிவிடும். அவர் அனுப்பும் முனையில் இரைச்சலைக் கலந்தார், வாங்கும் முனையில் அதே இரைச்சலைக் கழித்தார். கோடுகள் கரைந்துவிட்டன.

பிறகு 1973இல் கோடாக்கின் பிரைஸ் பேயர் படங்களுக்கு டிதர் போட ஓர் எண் கட்டத்தை அமைத்தார். இன்றைய டிஜிட்டல் கேமராக்களின் நிற வடிகட்டிக்குப் பெயர் கொடுத்தவரும் இவர்தான். 1976இல் ராபர்ட் ஃபிளாயிடும் லூயிஸ் ஸ்டைன்பெர்க்கும் வெளியிட்ட முறைதான் என் செல்லம். ஒரு புள்ளி சாம்பல் நிறம், ஆனால் கையில் கறுப்பும் வெள்ளையும்தான் உண்டு. அருகில் இருப்பதைப் போடு. போட்டதால் வந்த தப்பைத் தூக்கி எறியாதே, பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பங்கு பிரி. வலப்பக்கத்துக்கு 16இல் 7 பங்கு, கீழ் இடதுக்கு 3, நேர் கீழே 5, கீழ் வலதுக்கு 1. அவ்வளவுதான் முழு வித்தையும். இதில் உண்மையான நடுக்கம் எங்கே, இது பிழையைப் பரப்புவதுதானே என்று கறார்க்காரர்கள் ஆட்சேபிப்பார்கள். அவர்கள் சொல்வது சரி. ஆனாலும் எல்லோரும் இதையும் டிதர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் கூப்பிடுவேன்.

என் பாட்டியின் ஒரே புகைப்படத்தைக் கிம்ப் மென்பொருளில் கறுப்பு வெள்ளை என இரண்டே நிறங்களுக்குக் குறைத்துப் பார்த்தேன். டிதர் இல்லாமல்: முகத்தில் பாதி சுண்ணாம்பு, பாதி தார். ஃபிளாயிட்-ஸ்டைன்பெர்க் போட்டதும் சுருக்கம் வந்தது, மூக்குத்திக்குப் பக்கத்தில் நிழல் வந்தது, அந்த ஏளனச் சிரிப்பும் வந்துவிட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு சாம்பல் புள்ளி கிடையாது. எல்லாம் கறுப்பு, எல்லாம் வெள்ளை. சிரிப்பு எங்கிருந்து வந்தது?

1984இல் வந்த முதல் மெக்கின்டாஷ் திரையும் இப்படித்தான். 512க்கு 342 புள்ளிகள், ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை. அதற்கு மேக்பெயின்ட் எழுதிய பில் அட்கின்சன் தனக்கென்று ஒரு டிதர் முறை வைத்திருந்தார். பிழையில் எட்டில் ஆறு பங்கை மட்டும் பிரித்துக் கொடுத்து மீதியைக் கைவிட்டுவிடுவார். நேர்மையில் கொஞ்சம் குறைவு, ஆனால் படம் பளிச்சென்று இருக்கும். அந்தத் திரைக்குக் காணிக்கையாக 2018இல் லூகாஸ் போப் ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ என்ற விளையாட்டை வெளியிட்டார். 1807, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல், ஆள் யாரும் இல்லாமல் திரும்பி வந்திருக்கிறது. முழுதும் இரண்டே நிறம், முழுதும் டிதர். தலையைத் திருப்பினால் புள்ளிகள் திரையில் எறும்பாக ஊரின. போப் அந்தப் புள்ளிகளைப் பார்வையாளரைச் சுற்றியுள்ள ஒரு கற்பனைக் கோளத்தில் ஒட்டவைத்து அடக்கினார். கொலை யார் செய்தது என்பதை மறந்து பாய்மரத்தின் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த ஆள் நான்.

இன்னும் எங்கெல்லாம் போயிருக்கிறது இந்தச் சொல்! விமானத்தின் திசையைச் சொல்லும் லேசர் ஜைரோஸ்கோப்பில் இரண்டு ஒளிக்கதிர்கள் எதிரெதிராகச் சுற்றும். விமானம் மிக மெதுவாகத் திரும்பினால் இரண்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு ‘திரும்பவே இல்லை’ என்று சாதிக்கும். அதனால் அந்தக் கருவியை நொடிக்குச் சில நூறு தடவை ஆட்டிக்கொண்டே இருக்கிறார்கள். 1980களின் தொடக்கத்தில் போயிங் 757, 767 இரண்டும் இப்படிப்பட்ட ஜைரோக்களோடு பறக்கத் தொடங்கின. அந்த ஆட்டத்துக்கும் பெயர் டிதர். 1995 டிசம்பரில் ஹப்பிள் தொலைநோக்கி சப்தரிஷி மண்டலத்தில் வெறுமையாகத் தெரிந்த ஒரு பொட்டைப் பத்து நாள் உற்றுப் பார்த்தது. 342 முறை படமெடுத்தது. நடுநடுவே தொலைநோக்கியைத் துளித்துளி நகர்த்தினார்கள். அதற்கும் டிதர் என்றுதான் பெயர். கேமராவின் புள்ளிகள் பெரியவை, நகர்த்தி நகர்த்தி எடுத்தால் இடைவெளியில் உள்ளதும் சிக்கும். அப்படி எடுத்தவற்றை ஒன்றாகக் கோக்கும் கணக்குக்கு அவர்கள் வைத்த பெயர் ‘டிரிசில்’, தூறல். நடுக்கமும் தூறலும் சேர்ந்து சுமார் 3,000 விண்மீன் மண்டலங்களைக் கொண்டுவந்து கொட்டின. வானியலாளர்களுக்குப் பெயர் வைக்கத் தெரியாது என்று இனி யாரும் சொல்லக்கூடாது.

இவ்வளவு சொன்னபிறகும் நீங்களே கேட்காவிட்டால் எனக்கு ஆறாது. ஆடாசிட்டி இலவச மென்பொருள், இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு மணியோசையைப் பதிவு செய்யுங்கள், கோயில் மணியோ பூஜை மணியோ, முழுதாக அடங்கும் வரைக்கும். அமைப்புகளில் டிதருக்கென்று ஒரு தெரிவு இருக்கும். பதிவின் ஒலியளவை மிக மிகக் குறைத்துக்கொண்டு, அந்தத் தெரிவை ‘நன்’ என்று வைத்து 16 பிட் வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். பிறகு முக்கோண டிதருக்கு மாற்றி இன்னொன்று. மூன்றாவதாக ‘ஷேப்டு’ என்பதையும் பாருங்கள். அது இரைச்சலைக் காது அதிகம் கவனிக்காத உச்ச அலைவரிசைகளுக்குத் துரத்திவிடும், சாமர்த்தியம் என்றால் அதுதான். எனக்கு என்னவோ முக்கோணம்தான் பிடிக்கும், அதன் இரைச்சலில் ஒரு நாணயம் இருக்கிறது.

நிஜ வேலையில் டிதர் கடைசிப் படியில் ஒரே தடவைதான், 24 பிட்டிலிருந்து 16க்கு இறக்கும்போது. நடுநடுவே போட்டால் இரைச்சல் மேல் இரைச்சல் ஏறிவிடும், வடபழனித் தம்பி சத்தம் போடுவார். இந்தச் சோதனைக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் வேண்டாம். மணியின் வாலைக் கேட்க ஒலியளவை ஏகத்துக்கும் ஏற்றவேண்டியிருக்கும், ஏற்றுங்கள். ஆனால் மறுபடி முதலிலிருந்து ஓட்டுவதற்கு முன் ஹெட்ஃபோனைக் கழற்றிவிடுங்கள். முதல் அடி காதைப் பெயர்த்துவிடும்.